கோடும் நிழலும்: பேனாச் சித்திரக் கலையின் வரலாற்றில் ஒரு பகுதி

வண்ணந் தீட்டுவோனுக்கு நிறங்கள் பல உள. கரித்துண்டு கொண்டு வரைவோன் கரியைத் தாளின்மேல் விரலால் தேய்த்துக் கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறங்களை வேண்டியவாறு பெறுவான். பேனாவும் மையுங் கொண்டு வரைவோனுக்கோ இவ்விரு வாய்ப்பும் இல்லை. மை பட்ட இடம் கறுப்பு. படாத இடம் தாளின் வெள்ளை. இடைநிறம் என்பது அவன் கைவசம் ஒன்றுமில்லை. இட்ட கோட்டை அழித்தலும் எளிதன்று. இவ்விரண்டை மட்டும் கொண்டு, ஒரு பொருளின் திரட்சியையும், அதன்மேல் ஒளி ஏறியும் இறங்கியும் நிற்கும் படிகளையும், அது மெல்லியதோ வலியதோ, வழவழப்பானதோ சொரசொரப்பானதோ என்னும் பரப்பியல்பையும் ஒருங்கே காட்டுதல் எங்ஙனம் இயலும்? இவ்வினாவுக்கு ஐரோப்பிய ஓவியர் ஏறக்குறைய நூறாண்டுக் காலத்தில் விடை கண்டனர். அவ்விடை எங்கிருந்து வந்தது என்பதையும், அதனைப் பிற்காலத்தார் பள்ளிப் பாடமாக்கியபோது என்ன நேர்ந்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சித்திர வகுப்பில் மாணாக்கர் பெரும்பாலோர் முதலிற் புறக்கோட்டை வரைந்து முடித்து, பின்னரே நிழல் போடத் தொடங்குவர். நிழல் என்பது வரைந்த உருவத்தின்மேற் போர்த்தும் ஆடை என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் பிழையானது என்பதற்கு வரலாறே சான்று. கைதேர்ந்த ஓவியரிடத்து நிழற்கோடு உருவத்தின்மேல் ஏற்றப்பட்டதன்று. உருவத்தை ஆக்கியதே அக்கோடுதான்.

முதலில் முறையைச் சிறிது விளக்குவாம். ஒன்றுக்கொன்று நெருங்கிய சமாந்தரக் கோடுகளைச் சற்று எட்ட நின்று நோக்கினால், கண் அவற்றைத் தனித்தனியே பிரித்தறியாது. கோட்டின் கருமையையும் இடைவெளியின் வெண்மையையும் கலந்து ஒரு சாம்பல் நிறமாகவே கொள்ளும். கோடு தடித்தாலும் இடைவெளி குறுகினாலும் அந்நிறம் இருளும். கோடு மெலிந்தாலும் இடைவெளி அகன்றாலும் வெளிறும். ஒரு தொகுதிக் கோடுகளின்மேல் மற்றொரு தொகுதியைக் குறுக்காக இட்டால் இருள் மேலும் மிகும். கோடுகளுக்குப் பதிலாகப் புள்ளிகளை இட்டும் இப்பயனைப் பெறலாம். இது ஒளியின் படி. இனி, அக்கோடுகள் நேராகச் செல்லாது பொருளின் வளைவை ஒட்டி வளைந்து செல்லுமாயின், பீப்பாயைச் சுற்றிய இரும்புப் பட்டைகள் பீப்பாயின் உருட்சியைக் காட்டுமாறு போல, அவை பொருளின் திரட்சியைக் காட்டும். கோடு தொடர்ந்து ஓடுவதோ, துண்டுபடுவதோ, நெளிவதோ, கொக்கிபோல் முடிவதோ பரப்பியல்பைக் காட்டும். இங்கே மூன்று இயல்புகள் கூறினோம். ஆயின் கோடு ஒன்றே. ஒரே கோடு மூன்று தொழிலையும் ஒருங்கே செய்தல் வேண்டும் என்பதே இக்கலையின் அருமை.

இத்தாலியில் 1400 ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த சென்னினோ சென்னினி என்னும் ஓவியர் தம் தொழில்முறைகளைத் திரட்டி எழுதிய நூலில், ஓவியம் பயில்வோன் உலோக முனையால் வரைந்து ஓராண்டு பழகிய பின்னர் பேனாவைக் கையிற்கொள்ளலாம் என்கிறார். பேனாவால் வரைந்து பழகியவன் தன் உள்ளத்திலிருந்தே பல உருவங்களை வரையும் ஆற்றல் பெறுவான் என்பதும் அவர் கருத்து. அக்காலப் பேனா வாத்தின் சிறகைச் சீவியது. மை பெரும்பாலும் மரக்காயின் துவர்ப்பும் இரும்புப்பும் சேர்ந்தது. எழுதும்போது கறுத்து, காலஞ் செல்லச் செல்லப் பழுப்பாவது அதன் இயல்பு. பழைய ஓவியங்கள் இன்று பழுப்பு மையில் வரைந்தனபோலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனினும் கோட்டு நிழல் முறையை முதிர்ந்த கலையாக்கியது பேனா அன்று. செப்புத்தகட்டில் உருவஞ் செதுக்கும் பொற்கொல்லரின் உளியே அதனைச் செய்தது என்பது கருதற்பாலது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரைன் ஆற்றின் மேற்பகுதி நாடுகளில், செப்புத்தகட்டிற் கூரிய உருக்குளியால் கோடு கீறி, அக்கீறலுள் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துத் தாளில் அழுத்திப் படமெடுக்கும் தொழில் ஓங்கியது. ஓலையில் எழுத்தாணியாற் கீறி, கீறலுள் கரி பூசித் துடைத்து எழுத்தை விளங்கச் செய்த நம் முன்னோர் முறையை அறிந்தார்க்கு இதன் முற்பாதி புதியதன்று. இத்தொழிலிலே தேய்த்து நிறம் பெறுதல் அறவே இயலாது. எல்லாவற்றையும் கோடே செய்தாக வேண்டும். தம் பெயரின் முதலெழுத்துக்களால் மாத்திரம் 'ஈ. எஸ். ஆசான்' என்று இன்று வழங்கப்படும் ஒருவர் சமாந்தரக் கோடுகளையும் குறுக்குக் கோடுகளையும் ஒழுங்குபட இடும் முறையை வளர்த்தார். அவர் தகடுகளிற் காணப்படும் கடைசி ஆண்டு 1467. அவரும் பொற்கொல்லராய்ப் பயின்றவர் என்றே அறிஞர் கருதுவர்.

அவருக்குப் பின் வந்த மார்ட்டின் ஷோன்கவர், கொல்மார் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவரின் மகன். அவர் செய்த புதுமை சிறிதுபோலத் தோன்றும், விளைவோ பெரிது. முன்னையோர் கோடுகள் பெரும்பாலும் குறுகியனவாயும் நேராயும் இருந்தன. ஷோன்கவர் கோடுகளை உருவத்தின் வளைவோடு வளைத்தார். செதுக்குவோன் தகட்டைத் தோல்மெத்தையின்மேல் வைத்து, உளியைத் திருப்பாது தகட்டையே திருப்பிக் கோட்டை வளைப்பான். ஆதலின் வளைந்த கோடு அத்தொழிலுக்கு இயல்பாகவே பொருந்திற்று. உளி ஆழச் செல்லக் கோடு தடிக்கும், மேலெழ மெலியும். தொடங்குமிடத்தும் முடியுமிடத்தும் கூர்ந்து, நடுவிற் பருத்த அக்கோடு, தானே ஒளியிலிருந்து நிழலுக்குச் சென்று மீளும் தன்மையது.

ஷோன்கவர் 1470 களில் செதுக்கிய புனித அந்தோனியாரின் சோதனை என்னும் படம் ஆல்ப்சு மலையைக் கடந்து இத்தாலியை அடைந்தது. துறவியொருவரை வானத்திற் பேய்கள் சூழ்ந்து பற்றி இழுக்கும் காட்சி அது. பேய்கள் செதிளும் முள்ளும் சிறகும் உடையன. புளோரன்சு நகரில் அதனைக் கண்ட ஒரு சிறுவன் அதைப் பார்த்து வரைய விரும்பினான். அச்சிறுவன் மைக்கலாஞ்சலோ. 1475 இற் பிறந்த அவனுக்கு அப்பொழுது வயது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று. அவன் வரலாற்றை எழுதிய கொண்டிவி, வசாரி ஆகிய இருவருமே ஒரு செய்தியைக் கூறுகின்றனர்: பேய்களின் செதிள்களைச் சரிவரக் காட்டும்பொருட்டு அவன் மீன்களை நேரில் ஆராய்ந்தான், கொண்டிவியின் கூற்றுப்படி மீன் சந்தைக்கே சென்று பார்த்தான். இதனை ஒரு வேடிக்கைக் கதையாக மட்டும் கொள்ளலாகாது. கற்பனைப் பேயின் தோலுக்கும் மெய்யான மீனின் தோலே சான்றாக வேண்டும் என்பதை அச்சிறுவன் உணர்ந்திருந்தான். பரப்பியல்பு என்பது கையின் பழக்கத்தால் மாத்திரம் வருவதன்று. கண் அறிந்ததையே கை காட்டும். இப்படத்தைப் பார்த்துத் தீட்டிய பலகை ஓவியம் ஒன்றை அமெரிக்காவின் போர்ட்வர்த்து நகரிலுள்ள கிம்பெல் கலைக்கூடம் 2009 ஆம் ஆண்டில் வாங்கியது. அது மைக்கலாஞ்சலோவின் இளமைக் கைவேலையே என்பது பலர் துணிபு.

1488 இல் அவன் சேர்ந்த கிர்லாந்தையோவின் தொழிற்கூடத்திலும் குறுக்குக் கோட்டு முறை வழக்கிலிருந்தது. அக்கூடத்திற் பயின்ற காலத்தையொட்டி ஜியொட்டோ, மசாச்சியோ என்னும் முன்னோர் ஓவியங்களைப் பார்த்து மைக்கலாஞ்சலோ பேனாவால் வரைந்த தாள்கள் இன்றும் பாரிசிலும் மியூனிக்கிலும் உள. சுவரோவியத்தில் வண்ணத்தால் அமைந்த ஆடைமடிப்பு அத்தாள்களிற் கோட்டாலேயே கல்லிற் செதுக்கியதுபோல் நிற்கிறது. பிற்காலத்தில் அவர் பளிங்கில் வேலை செய்தபோது பல்லுளியால் இட்ட குறுக்கு வரிகள், முற்றுப்பெறாத அவர் சிலைகளில் இன்றும் காணக்கிடக்கின்றன. பேனாவின் குறுக்குக் கோட்டோடு அவ்வுளி வரிகளை ஒப்பிடாத கலை ஆராய்ச்சியாளர் அரியர்.

லியொனார்டோ தா வின்சி இடக்கையாளர். ஆதலின் அவருடைய நிழற்கோடுகள் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சாய்ந்திருக்கும். வலக்கையாளரின் கோடுகளோ இதற்கு எதிராகச் சாயும். ஐயத்துக்குரிய ஒரு தாள் அவருடையதா அன்றா என ஆராய்வார்க்கு இச்சாய்வு இன்றும் ஒரு முதன்மைச் சான்றாக உதவுகிறது. 1473 ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 ஆம் நாள் எனத் தாமே நாளிட்டு அவர் வரைந்த ஆர்னோ ஆற்றுப் பள்ளத்தாக்குக் காட்சியில் நேர்கோடுகளே மிகுதி. 1489 இல் வரைந்த மண்டையோட்டுப் படங்களிற் கோடுகள் நுணுகின. 1500 ஆம் ஆண்டையொட்டி அவரும் உருவத்தை ஒட்டி வளையும் கோடுகளைக் கைக்கொண்டார். பின்னர் வரைந்த உடற்கூற்றுப் படங்களிற் தசைகள் திரண்டு தோன்றுவது அதனாலேயே.

இனி இக்கலையின் கொடுமுடியாகிய ஆல்பிரெக்ட் டியூரரிடம் வருவாம். இவரும் பொற்கொல்லரின் மகனே. 1471 இல் நூரம்பேர்க்கில் பிறந்து, தந்தையிடம் தொழில் பயின்று, 1486 இல் வோல்கமுட் என்னும் ஓவியரிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தார். பயிற்சி முடித்து நாடு சுற்றிய இளைஞர், ஷோன்கவரைக் காணும் வேட்கையுடன் 1492 இல் கொல்மார் நகரை அடைந்தார். ஆனால் ஷோன்கவர் முந்திய ஆண்டே இறந்துவிட்டார். இறந்தவரின் சகோதரர்கள் அவரை அன்போடு வரவேற்றனர். ஆசானைக் காணாத மாணாக்கன் ஆசானின் கோடுகளைப் பார்த்தே கற்றான்.

கற்றதன் பயனை 1493 ஆம் ஆண்டிட்ட ஒரு தாளிற் காண்கிறோம். அத்தாள் இன்று நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் கலைக்கூடத்தில் உள்ளது. ஒரு பக்கத்தில் அவர் தம் முகத்தையும், ஒரு கையையும், கீழே ஒரு தலையணையையும் வரைந்திருக்கிறார். மறுபக்கத்தில் தலையணைகள் மாத்திரம், ஆறு தலையணைகள். வேறு யாதுமில்லை.

தலையணையை ஏன் ஆறுமுறை வரைதல் வேண்டும்? இருபத்திரண்டு வயதினராகிய ஓர் இளைஞர், வரைவதற்கு உலகில் எத்தனையோ பொருள்கள் இருக்க, கசங்கிய தலையணையை எடுத்து, குத்தியும் திருகியும் மடித்தும் வைத்து, ஒவ்வொரு நிலையிலும் மீண்டும் மீண்டும் வரைந்தார். அதன் காரணம் ஆராய்ந்தால் விளங்கும். தலையணைக்கு என நிலையான உருவம் இல்லை. முகத்துக்குக் கண்ணும் மூக்கும் உண்டு. அவற்றின் புறக்கோட்டைச் சரியாக இட்டால் நிழல் பிழைத்தாலும் முகம் முகமென அறியப்படும். தலையணையிற் புறக்கோடு உதவாது. உட்பரப்பின் மேடும் பள்ளமும் தெளிவாகாவிடின் அது தலையணையாகாது. வெறுந் துணியாகவோ, கல்லாகவோ தோன்றும். எனவே கோட்டு நிழலின் முழு ஆற்றலையும் சோதித்தற்கு இதனினும் கடிய பொருள் வேறில்லை எனலாம். அத்தாளை நோக்குமின். உட்குழிந்த மடிப்புக்களிற் கோடுகள் நெருங்கியும் குறுக்கிட்டும் இருண்டுள்ளன. புடைத்த இடங்களில் தாளின் வெண்மை அப்படியே விடப்பட்டுள்ளது. இரண்டுக்கும் இடையிற் செல்லும் கோடுகள் புடைப்பின்மேல் ஏறி வளைந்து மறுபுறம் இறங்குகின்றன. இறகு அடைத்த மென்மையைக் காட்டவென்று தனியாக ஒரு கோடும் இல்லை. திரட்சியையும் ஒளியையும் காட்டிய அதே கோடு மென்மையையும் காட்டிற்று. மடிப்புக்களிடையே மனித முகங்கள் மறைந்திருக்கின்றன என்பாரும் உளர். அவ்வாறு தோன்றுவது உண்மையே. அவர் வேண்டுமென்றே செய்தாரா என்னும் விவாதத்தை ஈண்டு விடுவோம்.

இருபது ஆண்டுகளின் பின் இவ்வாற்றல் எவ்வளவு முதிர்ந்தது என்பதற்கு அவர் 1514 இல் செப்பிற் செதுக்கிய துயர்நிலை என்னும் படம் போதிய சான்று. பட்டாடையும், நாயின் உரோமமும், உலோகமும், கல்லும், வானொளியும் அப்படத்தில் வேறு வேறாகத் தெரிகின்றன; உள்ளதோ கருங்கோடு ஒன்றே. அவர் இறந்த 1528 ஆம் ஆண்டில் வெளிவந்த நூலொன்றில் பேரறிஞர் எராசுமசு, பண்டைக் கிரேக்க ஓவியர் அப்பெல்லசு வண்ணங்களின் துணைகொண்டு செய்ததை டியூரர் வண்ணமின்றிக் கருங்கோட்டாலேயே செய்தார் எனவும், அவற்றின்மேல் வண்ணம் பூசினால் அவை கெடும் எனவும் பொருள்படப் புகழ்ந்தார். ஒன்று சொல்லல் வேண்டும். டியூரரின் பேனாத் திறனுக்குச் சான்றாகப் பலரும் எடுத்துக் காட்டும் கூப்பிய கைகள் என்னும் 1508 ஆம் ஆண்டுச் சித்திரம் பேனாவால் வரைந்ததன்று. நீலத்தாளில் தூரிகையால் வரைந்தது. தூரிகையையும் பேனாபோற் கோடிழுக்க அவர் பழக்கியிருந்தார்.

இதுகாறும் புகழ்ச்சியே கூறினோம். இக்கலைக்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் வரலாறாகாது.

1515 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆம் நாள் போர்த்துக்கேயக் கப்பலொன்று இந்தியாவிலிருந்து ஒரு காண்டாமிருகத்தை லிஸ்பன் துறையில் இறக்கிற்று. குஜராத்துச் சுல்தான் இரண்டாம் முசாபர், போர்த்துக்கேய ஆளுநர் அல்புகெர்க்குக்கு அளித்த விலங்கு அது. உரோமரின் காலத்துக்குப் பின் ஐரோப்பா அத்தகைய விலங்கைக் கண்டதில்லை. செய்தி கடிதவாயிலாகவும் வரைபடவாயிலாகவும் ஜேர்மனிக்குப் பறந்தது. டியூரர் அவ்விலங்கை ஒருபோதும் நேரிற் கண்டாரல்லர். ஆயினும் வந்த குறிப்பைக் கொண்டு பேனாவால் ஒரு சித்திரம் வரைந்தார். அது இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. பின்னர் அதனை மரக்கட்டையிற் செதுக்குவித்து அச்சிட்டு வெளியிட்டார். விலங்கு வந்த ஆண்டு 1513 என அப்படத்தின் மேலுள்ள வாசகம் பிழையாகக் கூறுகிறது. அது சிறு பிழை.

பெரும் பிழை படத்திலேயே உள்ளது. இந்தியக் காண்டாமிருகத்தின் தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கி, ஆங்காங்கே மொட்டுக்கள் எழும்பியது. டியூரரின் படத்திலோ அம்மடிப்புக்கள் போர்வீரனின் இரும்புக் கவசத் தகடுகளாயின. மொட்டுக்கள் வட்ட வட்டமான அணிவேலையாயின. கால்களிற் செதிள் படர்ந்தது. தோளின்மேல் இல்லாத சிறு கொம்பொன்றும் முளைத்தது. ஆனால் அத்தோலின் சொரசொரப்பையும், தகடுகளின் கனத்தையும், வயிற்றின் உருட்சியையும் கோட்டு நிழல் அத்துணைத் தெளிவாகக் காட்டிற்று. பார்ப்போன் அதனைத் தொட்டறிந்ததுபோல் உணர்ந்தான். தொட்டதை ஐயுறுவார் யார்? படம் பல பதிப்புக்கள் கண்டது. 1551 இல் கொன்ராட் கெசுனர் வெளியிடத் தொடங்கிய விலங்கு நூலிலும் அதுவே புகுந்தது. கிளாரா என்று பெயரிட்ட உயிருள்ள காண்டாமிருகமொன்று 1741 இல் ஐரோப்பாவை அடைந்து ஊரூராகக் காட்டப்பட்ட பின்னரே அக்கவச விலங்கின் ஆட்சி தளரத் தொடங்கிற்று.

இங்கு மனங்கொள்ள வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. அதே 1515 ஆம் ஆண்டில் ஆக்சுபேர்க் நகரத்து ஓவியர் ஹான்சு பேர்க்மையரும் அவ்விலங்கின் படமொன்றை மரக்கட்டை அச்சில் வெளியிட்டார். அவர் படத்தில் தோளிற் கொம்பில்லை, கவசமும் இல்லை, முன்கால்களைப் பிணித்த கயிறு உண்டு. உண்மைக்கு அதுவே அணித்து. ஆனால் டியூரரின் படம் ஆயிரக்கணக்கிற் பரவ, பேர்க்மையரின் படத்திற் பிழைத்திருப்பது ஒரே பிரதி. அது வியன்னாவில் உள்ளது. மெய்யானது பின்தங்கியது, மெய்போல் நிழலிடப்பட்டது வென்றது. தலையணையைக் கண்டு வரைந்த கையும், காண்டாமிருகத்தைக் காணாது வரைந்த கையும் ஒன்றே. கோட்டின் திறத்தில் யாதொரு குறைவுமில்லை. மீன் சந்தைக்குச் சென்ற சிறுவனுக்கிருந்த வாய்ப்பு காண்டாமிருகத்தை வரைந்தவருக்கு இல்லாது போயிற்று.

பின் வந்த நூற்றாண்டுகளை விரைந்து கடப்போம். கோட்டின் ஆற்றலை வித்தையாகவே காட்டியவர் பிரான்சிய நாட்டுக் குளோட் மெல்லன். அவர் 1649 இல் செதுக்கிய கிறித்துவின் முகம், மூக்கு நுனியிலே தொடங்கிச் சுருள் சுருளாகச் சுற்றி விரியும் ஒரே கோட்டால் ஆனது. கோடு தடிப்பதும் மெலிவதுமே முகமாகிறது. வியப்புக்குரியதுதான், ஆயினும் முகத்தைவிடக் கோட்டையே கண் தேடுகிறது. றெம்பிராந்து நாணற் பேனாவைக் கையாண்டு, சில கோடுகளிலேயே உருவத்தை முடித்து, நிழலுக்குத் தூரிகையை நாடினார். 1888 இல் தென்பிரான்சில் வாழ்ந்த வின்சென்ட் வான்கோவும் நாணலைச் சீவிப் புள்ளியும் கீறலும் கொக்கியுமாக இட்டு, வயலும் வைக்கோலும் சைப்பிரசு மரமும் தத்தம் பரப்பியல்பாலேயே வேறுபட வரைந்தார்.

இக்கலையைப் பொதுமக்கள் பாடமாக்கியவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஜோன் றஸ்கின். இலண்டனில் தொழிலாளர் கல்லூரியொன்றில் 1854 முதல் சித்திரங் கற்பித்த அவர், 1857 இல் தொடக்க மாணாக்கருக்கு எழுதிய கடிதங்களின் வடிவில் சித்திர மூலங்கள் என்னும் நூலை வெளியிட்டார். அதன் முதற் பயிற்சி எது? ஒரு சதுரத்தை வரைந்து, அதனுள்ளே பேனாவாற் குறுக்குக் கோடுகளை மெல்ல மெல்ல இட்டு, மேடுபள்ளமின்றி ஒரே சீரான சாம்பல் நிறமாக நிரப்புதல். அடுத்து இருளிலிருந்து ஒளிக்குப் படிப்படியாக இறங்குதல். அதன் பின்னரே உருண்டைக் கல். அக்கல்லைச் சரிவர வரையக் கூடியவனுக்குக் கலைக்கு எட்டும் எப்பொருளும் எட்டும் என்பது அவர் கொள்கை.

இவ்வொழுங்கு ஆசிரியர்க்கு மிக வாய்ப்பானது என்பதில் ஐயமில்லை. ஆயின் டியூரர் ஒன்றாய்க் கண்டதை இது வேறு வேறாக்கிற்று. முதலில் ஒளியின் படி, பின்னர் திரட்சி, அதன் பின்னர் பரப்பியல்பு எனப் பிரித்துக் கற்பிக்கும் வழக்கம் நாளடைவில் வலுத்தது. பேமிங்காம் நகரத்து உருக்குப் பேனா முனை பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கும் மலிந்தது. கோட்டோவியத்தைப் புகைப்பட முறையால் நாகத்தகட்டிற் பதித்துச் செய்தித்தாள்களில் அச்சிடும் வசதி அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வந்தது. பேனாச் சித்திரக்காரருக்கு வேலை பெருகிற்று. அவர்க்கெனக் கையேடுகளும் பெருகின. செங்கல்லுக்கு இவ்வாறு கோடு, புல்லுக்கு இவ்வாறு, ஓட்டுக் கூரைக்கு இவ்வாறு எனச் சிறு சிறு கட்டங்களில் மாதிரி காட்டும் பக்கங்கள் அக்கையேடுகளில் மலிந்தன. செங்கல்லைப் பாராமலே செங்கல் வரையக் கற்ற மாணாக்கன் காண்டாமிருகத்தின் வழியிலே செல்கிறான் அல்லனோ?

றஸ்கின் இவ்வாபத்தை அறியாதவரல்லர். சதுரம் நிரப்பப் பழகிய மாணாக்கன் இயலுமாயின் டியூரரின் செதுக்குப் படமொன்றைப் பெற்றுக்கொள்ளல் வேண்டும் என்றும், அதிற் சிறகு ஒன்று இருப்பின் மிக நன்று என்றும் அவர் கூறுகிறார். அதனைப் படியெடுத்தல் உன்னால் இயலாது. ஆயினும் அருகே வைத்து, கோட்டின் திட்பத்துக்கு அளவுகோலாக அடிக்கடி பார் என்பது அவர் அறிவுரையின் கருத்து. வரைவதற்கு அவர் தந்த பொருள் வேறு: தோட்டத்தில் அல்லது வீதியிற் கிடக்கும் கல்லொன்றைப் பொறுக்கி வந்து, பலகணியின் ஒளி படுமாறு மேசைமேல் வைத்து, அதனையே பார்த்து வரைதல் வேண்டும் என்றார்.